பதினைந்தாவது ஜாக்கெட்

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மகேஸ்வரிக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. எதிரில் நின்ற பெண் கைப்பேசியை நீட்டி, அதிலிருந்த புடவைப் படத்தைக் காட்டி, "இதுக்கு மேட்சிங் லைனிங் குடுங்க" என்றாள்.

"புடவைய எடுத்தாரலியா?"

"வூட்ல இருக்குது."

"போன்ல தெரியற கலர வெச்சு எப்படிங்க துணி எடுக்கறது? வெயில்ல ஒரு கலரா தெரியும், டியூப் லைட்ல ஒரு கலரா தெரியும்."

"சும்மா குத்துமதிப்பா குடுங்கக்கா."

குத்துமதிப்பாகக் கொடுத்தால் நாளைக்கு அதே துணியை வெட்டி, தைத்து, பிரித்து, சுருட்டிக்கொண்டு வந்து "மாத்திக் குடுங்க" என்பார்கள். பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். மகேஸ்வரி ஐந்து ரோலை இழுத்து மேஜையில் போட்டாள். அந்தப் பெண் ஐந்தையும் தடவிப் பார்த்துவிட்டு, புடவையை எடுத்துக்கொண்டு சாயந்தரம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். ஐந்தையும் மறுபடி அடுக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்தது எழில்மதி மேட்சிங் சென்டர். முதலாளி கொளஞ்சியப்பன் தன் மகள் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார். புடவை, சட்டை எதுவும் அங்கே கிடையாது. ஜாக்கெட் துணி, லைனிங், பாவாடைத் துணி, புடவைக் கீழ் ஓரத்தில் தைக்கும் ஃபால்ஸ், நூல், ஊக்கு, இவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாரும் தைக்கிறவர்கள், அல்லது தையற்காரர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்கள். வடக்கனந்தலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் மகேஸ்வரிதான் அந்தக் கடைக்குக் கண். மாந்துளிருக்கும் செங்கல் கலருக்கும் உள்ள வித்தியாசம் கொளஞ்சியப்பனுக்கு இன்றுவரை தெரியாது. அவர் பில் போடுவார்.

நிறம் தெரியாமல் வருகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். தைப் பொங்கல் கழிந்ததிலிருந்து வேறொரு தொல்லை ஆரம்பித்திருந்தது. வாரத்தில் மூன்று பேராவது வந்து, "துணி பத்தலக்கா" என்றார்கள். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருத்தர் அப்படி வந்தாலே அதிகம். வெட்டத் தெரியாதவர்கள் பெருகிவிட்டார்கள் என்று மகேஸ்வரி முடிவு கட்டினாள். ஊரில் பாதிப் பேர் கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு துணி எப்படிப் போதும்? "நான் அளந்தா அளந்ததுதான். தச்சவங்களப் போய்க் கேளுங்க" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். எதிர் மாடியில் கடை வைத்திருக்கும் தையற்காரர் தமிழழகன் சித்திரையில் ஒரு நாள் அதே புகாரோடு வந்தபோது, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, "இருவது வருசமா கத்திரி புடிக்கிறீங்க, ஒரு மீட்டர்ல ஜாக்கெட் வெட்ட வரலன்னா நானா வந்து வெட்டித் தர முடியும்?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் இந்தக் கடைப் படி ஏறவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்குப் பழனியம்மாள் உள்ளே வந்ததைப் பார்த்ததுமே மகேஸ்வரிக்கு எரிச்சல் பொங்கியது.

பழனியம்மாளுக்கு வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஊர். கல்வராயன்மலையில் வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்து மாந்துளிர் கலரில் பன்னிரண்டு மீட்டர் ஜாக்கெட் துணியும், மூன்று மீட்டர் வெள்ளை லைனிங்கும் வாங்கிப் போனாள். அவர்கள் ஊர் மகளிர் குழு சாமை அரைக்கும் மெஷினுக்கு ஷெட் போட்டிருக்கிறது. திறப்பு விழாவுக்குக் குழுவில் இருக்கும் பதினைந்து பேரும் ஒரே நிறத்தில் ஜாக்கெட் போடப்போகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிப் போனாள். போன வியாழக்கிழமை மறுபடி வந்து, ஒரு ஜாக்கெட்டுக்குத் துணி குறைகிறது என்றாள். அந்தக் கலர் தீர்ந்துவிட்டது என்று மகேஸ்வரி வழக்கமான பதிலையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினாள். இதோ மறுபடியும் வந்து நிற்கிறாள்.

"அந்தக் கலரு தீந்துபோச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல? திரும்பி வந்தா நான் இன்னா பண்றது?"

"கலரு கேக்க வரலக்கா" என்றாள் பழனியம்மாள். சத்தம் உயரவில்லை. நின்ற இடத்திலிருந்து நகரவும் இல்லை. "ஆளுக்கு எம்பது சென்டி. பதினஞ்சு பேருக்குப் பன்னண்டு மீட்டரு. கணக்கு சரிதான?"

"சரிதான்."

"பதினாலு வெட்டினேன். மிச்சம் ஒரு முழங்கூட இல்ல. எங்க போச்சு?"

"வெட்டறப்ப ஓரத்துல போயிருக்கும். கோணலா மடிச்சிருப்பீங்க."

"பன்னண்டு வருசமா தைக்கிறேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க!" மகேஸ்வரிக்குக் குரல் ஏறியது. நூல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்ட போச்சு. பஸ் சார்ஜு குடுத்து மலையிலேருந்து எறங்கி வந்து சண்ட போடறதுக்கு, வூட்ல உக்காந்து இன்னொருதபா அளந்து பாத்திருக்கலாம்."

"அளந்துட்டுத்தான் வந்தேன்" என்று பழனியம்மாள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அன்று வாங்கிப் போன மூன்று மீட்டர் லைனிங். பிரிக்காமல், கடையில் குத்திய பின்னோடும் பில்லோடும் அப்படியே இருந்தது. "இத இன்னும் வெட்டல. நீயே அளந்து சொல்லுக்கா."

மகேஸ்வரி பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேஜை விளிம்பில் துணியை இழுத்தாள். விளிம்பில் இரண்டு பித்தளை ஆணிகள் அறைந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு மீட்டர். கம்பி தேடாமல் கை வேகமாக ஓடும். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தா பாருங்க. ஒரு விரலு ஜாஸ்தியே இருக்குது."

பழனியம்மாள் தன் டேப்பை எடுத்து அதே துணியின் மேல் வைத்தாள். இரண்டு மீட்டர் தொண்ணூறு சென்டியில் துணி முடிந்தது.

"உங்க டேப்பு பழசு. இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும்."

"அப்ப புதுசா ஒண்ணு குடு. காசு தரேன்."

வீம்புக்கென்றே மகேஸ்வரி தட்டிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்து, மேலுறையைக் கிழித்தாள். வாய் திறந்து ஒரு சொல் பேசமுடியாதபடி இவளை அனுப்பிவிட வேண்டும். துணியை விட்டுவிட்டு நேராக ஆணிக்கும் ஆணிக்கும் நடுவில் டேப்பை இழுத்துப் பிடித்தாள். தொண்ணூற்றாறு என்று இருந்தது. கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றாறுதான்.

சுவரில் காலண்டருக்குப் பின்னால், அரசாங்க முத்திரை போட்ட இரும்பு மீட்டர் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் காட்டுவதற்காக மட்டும் அது அங்கே இருந்தது. மகேஸ்வரி ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தாள். தூசி கை நிறைய ஒட்டியது. மேஜை விளிம்பில் வைத்தபோது, ஒரு பக்கம் ஆணியைத் தொட்ட கம்பி மறுபக்கம் ஆணியைத் தாண்டி நான்கு சென்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

கம்பியைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அதே நான்கு சென்டிதான்.

மேஜையைப் பொங்கலுக்கு முன்னால்தான் மாற்றினார்கள். பில் போடும் கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டும் என்று பழைய பலகையை எடுத்துவிட்டு, மேலே பளபளப்பான தகடு ஒட்டிய புதுப் பலகை போட்டார்கள். ஆணியும் அன்றைக்குத்தான் புதிதாக அறைந்தது. தையிலிருந்து ஆவணி வரை ஏழு மாதம். ஏழு மாதமாக அவள் திட்டி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருநாள் திருநாவலூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். புதிதாகக் கல்யாணமானவள், மாமியாரோடு வந்திருந்தாள். முதல் முதலாக மாமியாருக்குத் தைத்த ஜாக்கெட்டில் கைக்குத் துணி போதவில்லை. "மொதல்ல பேப்பர்ல வெட்டிப் பழகும்மா, அப்பால துணிய தொடலாம்" என்று மகேஸ்வரி சொன்னபோது மாமியார் சிரித்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் பெயர்கூடத் தெரியாது.

"அண்ணே, இங்க வாங்க."

கொளஞ்சியப்பன் வந்து பார்த்தார். கம்பியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், நூல் வாங்க வந்த பெண்களைப் பார்த்தார். "மெதுவா பேசும்மா."

"நான் இன்னும் ஒண்ணுமே பேசல."

"ஆசாரி பழைய பலகைய வெச்சு குறிச்சான். அது ஓரம் ஒடஞ்சிருந்திச்சு போல. நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சீங்கன்னு யாரும் சொல்லல. ஏழு மாசமா உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "ஆடியில ஸ்டாக் பாக்கறப்ப ரோல்ல எல்லாம் துணி மிஞ்சிச்சு. நீ சிக்கனமா வெட்டறன்னு நெனச்சேன்."

"துணி மிஞ்சுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா?" மகேஸ்வரிக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகையைவிடக் கோபம் முந்தியது. "அத்தினி பேரு வாயில நான் விழுந்துக்கினு இருக்கேன். மிஞ்சுது மிஞ்சுதுன்னு நீங்க சந்தோசப்பட்டுக்கினு இருந்தீங்களா?"

கொளஞ்சியப்பன் அவளை விட்டுவிட்டுப் பழனியம்மாள் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "தெரியாம நடந்துபோச்சும்மா. எந்த ரோல்ல வேணா ரெண்டு மீட்டரு கிழிச்சுக்கினு போ. காசு வேணாம்."

"வேற கலரு எனக்கு இன்னாத்துக்குங்க?" என்றாள் பழனியம்மாள். "பதினாலு பேரு ஒரு கலரு, ரங்கம்மா மட்டும் வேற கலரு போடுமா? கடைசியா அளவு குடுத்தது அதுதான். அதுதான் எங்க குழுவுக்குத் தலைவி. ஒரு ஜாக்கெட்டுத் துணிய நான் எடுத்து ஒளிச்சு வெச்சுக்கினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்குது. எம் மெஷினுக்குக் கீழ குனிஞ்சு பாத்துட்டுப் போச்சுங்க." முதல் முறையாக அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "துணி அப்புறம். மொதல்ல அதுகிட்ட போன்ல சொல்லுங்க. அளவு இங்கதான் கம்மின்னு."

கொளஞ்சியப்பன் வேண்டாம் என்று மகேஸ்வரியைப் பார்த்துக் கையசைத்தார். "மலையில போய்ச் சொன்னா ஊரு பூரா பரவிடும். நான் வேணா அப்பால நேர்ல—"

"நீங்க எப்ப மலைக்குப் போனீங்க?" என்று கேட்டுவிட்டு மகேஸ்வரி பழனியம்மாளிடம் எண்ணை வாங்கினாள்.

முதலில் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறை மணி அடித்து அடித்து நின்றது. "செல்லு எடுக்க ஷெட்டுக்குப் பின்னால பாறை மேல ஏறணும்க்கா" என்றாள் பழனியம்மாள். இதற்குள் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி ஊக்கு கேட்டாள், ஒருத்தி கறுப்பு நூல் கேட்டாள். "இருங்க, ஒரு முக்கியமான விசயம்" என்று மகேஸ்வரி எல்லாரையும் நிறுத்திவைத்தாள். ஐந்தாவது முறை ஒரு கனத்த குரல் "யாரு?" என்றது. பழனியம்மாள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"கள்ளக்குறிச்சி துணிக்கடையிலேருந்து பேசறங்க. மகேஸ்வரி. பழனியம்மாளுக்குத் துணி அளந்து குடுத்தது நான்தான்."

"சொல்லு."

"எங்க மேசையில மீட்டரு அளவு தப்பா இருந்திச்சு. மீட்டருக்கு நாலு சென்டி கம்மி. பன்னண்டு மீட்டருன்னு பில்லு போட்டோம். குடுத்தது பதினொண்ணரைதான். அவங்க ஒரு துண்டுகூட எடுக்கல."

"காசு வாங்கிக்கினு சொல்றியா?" என்றது மறுமுனைக் குரல்.

மகேஸ்வரி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். "யாராச்சும் தாங் கடை அளவு தப்புன்னு காசு வாங்கிக்கினு சொல்வாங்களாக்கா? எங்க மொதலாளி பக்கத்துல நின்னுக்கினு என்ன மொறைச்சுக்கினு இருக்காரு. கடையில ஆறு பேரு கேட்டுக்கினு இருக்காங்க. நம்பலன்னா மீட்டர் கம்பியோட போட்டோ அனுப்பறேன்."

"அனுப்பு" என்றாள் ரங்கம்மாள். பிறகு, குரல் சற்று இறங்கி, "அதுகிட்ட போன குடு."

பழனியம்மாள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய் நின்றாள். அவள் பேசியது குறைவு. பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

ஊக்கு கேட்டவள் மெதுவாக, "போன மாசம் நான் எடுத்த பாவாடைத் துணியும் இந்த மேசையிலதான அளந்தீங்க?" என்று கேட்டாள். கொளஞ்சியப்பன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாந்துளிர் கலர் துணி அந்த ரோலில் கடைசியாக யாருக்குப் போனது என்று மகேஸ்வரிக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததுதான் கொடுமை. மீதி இருந்ததைச் சின்னசேலத்து டீச்சர் ஒருவர் எடுத்துக்கொண்டு, தைக்கத் தமிழழகனிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். ஊரில் இத்தனை தையற்காரர்கள் இருக்க அந்த டீச்சருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

பழனியம்மாளை அழைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். தமிழழகன் கத்திரியோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், "ஒரு மீட்டர்ல வெட்டக் கத்துக்குடுக்க வந்தியா?" என்றார்.

"அண்ணே, எங்க அளவுதான் தப்பு. மீட்டருக்கு நாலு சென்டி கம்மியா இருந்திருக்குது. இப்பதான் பாத்தேன். அன்னைக்கி உங்கள நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் கத்திரியைக் கீழே வைத்தார். "அன்னைக்கி உங்க கடையில எத்தினி பேரு இருந்தாங்க?"

"ஏழெட்டுப் பேரு."

"இங்க இப்ப யாருமே இல்லியே."

மகேஸ்வரிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வெள்ளிக்கிழமை விழா. மலைக்கு மதிய பஸ்ஸை விட்டால் பழனியம்மாள் சாயந்தரம்தான் போக முடியும். இந்த மனுசனுக்கு இப்போது கூட்டம் வேண்டுமாம். "கீழ டீக்கடையில பத்து பேரு நிக்கறாங்க. போய்க் கத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

அவள் உண்மையாகவே திரும்பிப் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டாள். நான்கு படி இறங்கியிருப்பாள். "ஏ, வாம்மா, வா" என்று தமிழழகன் பின்னால் ஓடிவந்தார். "சும்மா சொன்னேன். இன்னா வேணும் இப்ப?"

டீச்சர் ஜாக்கெட் தைத்து முடிந்து, மீதித் துண்டு பையில் இருந்தது. ஆனால் துண்டு டீச்சருடையது. அவரைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்றார் தமிழழகன். பள்ளிக்கூட நேரம். டீச்சர் போனை எடுக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மதிய பஸ் போய்விட்டது. இடைவேளை மணி அடித்ததும் டீச்சரே கூப்பிட்டு, "அதுக்கா இத்தினி தடவ போன் பண்ணீங்க? குடுத்துடுங்க" என்றார்.

கையோடு கொண்டுவந்திருந்த மீட்டர் கம்பியை வைத்து மகேஸ்வரி இரண்டு தடவை அளந்தாள். துண்டு அரை மீட்டருக்கு இரண்டு விரல் கூடவே இருந்தது. பழனியம்மாள் தன்னிடம் மிஞ்சியிருந்த துண்டைப் பக்கத்தில் விரித்தாள். தமிழழகன் கேட்காமலே வந்து குனிந்தார். முன்பக்கம் இதில், முதுகு அதில், கையை இப்படித் திருப்பிப் போடலாம் என்றார். திருப்பினால் நெசவு மாறிப்போகும், பளபளப்பு வேறாகத் தெரியும் என்றாள் பழனியம்மாள். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் அக்குளில் சின்ன ஒட்டு ஒன்று கொடுத்தால் போதும் என்று பழனியம்மாள் காட்டியதைப் பார்த்து, அவர் சாக்கட்டியை அவளிடம் நீட்டினார். அங்கேயே வெட்டி எடுத்துக்கொண்டு சாயந்தர பஸ்ஸுக்குப் போனாள்.

மகேஸ்வரி கடைக்குத் திரும்பியதும் குறடு எடுத்து இரண்டு ஆணியையும் பிடுங்கினாள். புது மேஜையில் ஓட்டை விழுகிறது என்று கொளஞ்சியப்பன் முனகினார். மறுநாள் அவள் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் துண்டுத் துணிகளை எடுத்துவைத்து, பொங்கலுக்குப் பிறகு வாங்கியவர்களுக்குக் குறைந்திருந்தால் ஈடு தருவோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வேறு ஆள் பார்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டார். "பாருங்க" என்றாள். அவர் பார்க்கவில்லை.

செய்தி பரவியது. துணி குறைந்தவர்கள் வந்தார்கள். துணி குறையாதவர்களும் வந்தார்கள். இந்தக் கடைப் படியே மிதிக்காத ஒருத்தி, ஊரில் எங்குமே விற்காத ஒரு பூப்போட்ட துணியைக் கொண்டுவந்து காட்டி, இது இங்கேதான் எடுத்தது என்று சத்தியம் செய்தாள். மகேஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கம்பி வைத்து அளப்பதால் வேலை மெதுவாக நடந்தது. "சீக்கிரம் குடுங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று எல்லாரும் நச்சரித்தார்கள். திருநாவலூர்ப் பெண் மட்டும் வரவில்லை. திருநாவலூர் சீட்டோடு யார் வந்தாலும் மகேஸ்வரி அவளைப் பற்றி விசாரித்தாள். பெயர் தெரியாமல் விசாரிப்பது எளிதாக இல்லை.

திங்கட்கிழமை மதியம் பழனியம்மாள் போனில் கூப்பிட்டாள். பாறை மேல் நின்று பேசினாள் போல, காற்று இரைந்தது.

"விழா நல்லா நடந்திச்சாக்கா?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"நடந்திச்சு. பதினஞ்சு பேரும் போட்டுக்கினாங்க. ரங்கம்மா எல்லார் முன்னாடியும் எங்கிட்ட, தப்பா நெனச்சுட்டேன் பழனின்னு சொல்லிச்சு."

"அப்பாடா."

"ஆனா கை புடிக்குதாம். தூக்க முடியலயாம். விழாவுல ரிப்பன் வெட்டறப்ப கையத் தூக்கினதும் அக்குள்ல பிரிஞ்சுபோச்சு."

மகேஸ்வரி முந்திக்கொண்டாள். "அந்தத் துண்ட நான் கம்பி வெச்சுத்தான் அளந்தேன். ரெண்டு தபா அளந்தேன்!"

"உன் துணி சரியாத்தான் இருந்திச்சுக்கா" என்றாள் பழனியம்மாள். "நான்தான் அவசரத்துல தையலுக்கு இடம் விடாம வெட்டிட்டேன். அத யாருகிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்திச்சு. இங்க சொன்னா ரங்கம்மா காதுக்குப் போயிடும்."

மகேஸ்வரி சிரிக்க ஆரம்பித்தாள். எதிரில் ஃபால்ஸுக்காகக் காத்திருந்த பெண், "யக்கா, பேசிக்கினே இருக்கீங்களே, எனக்கு எப்பத்தான் குடுப்பீங்க?" என்றாள்.

"தோ குடுக்கறேன்" என்று மகேஸ்வரி கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஃபால்ஸ் பெட்டியை இழுத்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. எந்தப் பக்கம் பிரிஞ்சிச்சு?"